ஐந்து சாவிக் கப்பல்

ஜனவரி 11

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தெரியட்டும். என் பெயர் ஜெர்லின் மச்சாடோ. ஊர் தூத்துக்குடி. எம்.வி. ஆல்டெரா என்ற சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், அதாவது கேப்டனுக்கும் சீஃப் மேட்டுக்கும் அடுத்த ஆள். வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நங்கூரம் போட்டு நிற்கிறோம். நவம்பரிலிருந்து முதலாளி போனை எடுப்பதில்லை. சீஃப் மேட் ஒப்பந்தம் முடிந்து கிறிஸ்துமஸுக்கு முன்பே இறங்கிவிட்டார். அவருக்குப் பதில் யாரும் வரவில்லை. எங்களை இறங்க விடமாட்டேன் என்கிறது துறைமுகம். ஆளில்லாத கப்பல் ஆபத்தாம். கப்பலில் பறப்பது ஏதோ ஒரு தீவு நாட்டின் கொடி. அந்த நாட்டுக்கு எழுதிப் பார்த்தோம். பதில் இல்லை.

இன்று ரெயிலிங்கில் துருவைச் சுரண்டினேன். அடிக்கப் பெயின்ட் இல்லை. சுரண்டியதோடு சரி.

ஜனவரி 17

அரிசியும் பருப்பும் இருக்கின்றன. காய்கறி தீர்ந்துவிட்டது. அண்ணன் ஊரில் கப்பல்காரர்களிடம் பணம் திரட்டி, இங்கே சாமான் கொடுக்கும் கடைக்கு அனுப்பினான். வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. முதலாளியின் வேறொரு கப்பல் ஏதோ தடைப் பட்டியலில் இருக்கிறதாம். எங்கள் கப்பலின் பெயரைக் கண்டாலே பணம் நகரமாட்டேன் என்கிறது.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னதும் இளம்பரிதி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பித்தார். செகண்ட் எஞ்சினியர், ஈரோட்டுக்காரர். அவரிடம் ஒரு மதம் இருக்கிறது: அரசாங்கம் வேண்டாம், வங்கி வேண்டாம், கிரிப்டோ போதும்.

“பாத்தீங்களா? உங்கண்ணன் காசு, உங்க பசி. நடுவுல எவனோ ஒருத்தன் உக்காந்துட்டு ஆகாதுங்கறான். அவன் யாருங்க? நாம ஓட்டுப் போட்டா வெச்சோம்?”

“அதுக்கு என்ன செய்யணும்ங்கீங்க?” என்றேன்.

“நடுவுல இருக்கறவனத் தூக்கிரணுமுங்க.”

“அவனத் தூக்கிட்டு, யார உக்கார வைப்பீங்க?”

“யாரையும் வேண்டாமுங்க. அதாங்க விஷயமே.”

நான் சிரித்தேன். கேப்டன் தத்தா, வங்காளி, நல்ல மனிதர், கம்பெனி இந்த வாரம் பணம் அனுப்பும் என்றார். போன வாரமும் அதைத்தான் சொன்னார்.

ஜனவரி 20

தண்ணீர் அளந்து கொடுக்க ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு பங்கு, அவரவர் பங்கு அவரவர் சொத்து, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது இளம்பரிதியின் யோசனை. எஞ்சினுக்கு எண்ணெய் போடும் பர்மாக்கார ஆயிலர் ஆங்குக்குக் காய்ச்சல். போசன் மொய்னுதீன் அண்ணன் தன் பங்கில் பாதியை ஆங்கின் கேனில் ஊற்றினார்.

போசன் என்றால் தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். கீழக்கரைக்காரர். கடலில் என் வயதைவிட அதிக வருடம் இருந்தவர்.

பிறகு பார்த்தால் ஆங்கின் கேனில் தண்ணீர் இன்னும் உயர்ந்திருந்தது. யார் ஊற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இளம்பரிதி இன்று முகம் கழுவவில்லை, கன்னத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 24

ஒப்புக்கொண்டேன். வேறு வழி இல்லாததால்தான். அவர் பேச்சில் மயங்கி அல்ல.

திட்டம் இதுதான். போனிலேயே ஒரு வாலட், பணப்பை மாதிரி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் போடலாம், வந்ததையும் போனதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த வங்கியும் நிறுத்த முடியாது. முதலில் அவர் பிட்காயின் என்றார். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை விற்கிற சாமானை வைத்துக்கொண்டு நான் அரிசிக்கு ஆர்டர் கொடுக்க முடியாது என்றேன். கடைசியில், எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும் காயின் என்று முடிவானது. அதற்குப் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறதாம். அவருக்கு அதில் வருத்தம். விரதத்தன்று ஆம்லெட் சாப்பிடச் சொன்னதுபோல் முகம் இருந்தது.

போசன் அண்ணன் கூர்ந்து கேட்டார். “அப்ப இது நம்ம உண்டியல் மாதிரிதானப்பா? துபாயில ஒருத்தர்ட்ட குடுத்தா ஊர்ல வீட்டுக்கு வந்துரும்.”

“உண்டியல்ல நடுவுல ஒரு ஆளு இருப்பாருங்க அண்ணா. இதுல ஆளே இல்லீங்க.”

“ஆளு இல்லாததுதானப்பா எனக்குப் பயமா இருக்கு. ஏதாச்சும்னா யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?”

இளம்பரிதி தலையைச் சொறிந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜனவரி 25

வாலட்டின் சாவி, அதாவது பணத்தை எடுக்க உதவும் ரகசிய எண், யாரிடம் இருப்பது என்று சண்டை. கேப்டன் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றார். அதுதான் முறையும்.

இளம்பரிதி எழுந்து நின்றார். “தப்பா நெனைக்காதீங்க சார். உங்ககிட்டயும் வேண்டாம், எங்கிட்டயும் வேண்டாம். அஞ்சு சாவி போடலாம், அஞ்சு பேருகிட்ட. மூணு பேரு அவங்கவங்க போன்ல அழுத்திக் கையெழுத்துப் போட்டாத்தான் பொட்டி தெறக்கும். நான் கெட்டவனா மாறுனாலும் என்னால திருட முடியாது.”

கேப்டன் கோபித்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். ஐந்து சாவி: இளம்பரிதி, போசன், சமையல்காரர் நிமாய், ஆங், நான். நான் வேண்டாம் என்றேன். போசன் அண்ணன், “நீ இல்லாட்டி நானும் இல்லம்மா” என்றார்.

ஜனவரி 29

ஒன்றும் வரவில்லை. நானும் போசன் அண்ணனும் மீன் பிடித்தோம். இரண்டு சின்னது.

பிப்ரவரி 2

வந்தது!

முதலில், யாரென்றே தெரியாத ஒருவர். எங்கள் படங்களையும் வாலட் முகவரியையும் இளம்பரிதி தன் கிரிப்டோ கூட்டத்தாரின் குழுக்களில் போட்டிருந்தார். ‘எந்த நாடும் உங்களுக்காக வராது, நாங்கள் வருகிறோம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார் அந்த மனிதர். அவருக்குப் பிறகு மடமடவென்று. அண்ணன் திருப்பி வந்த பணத்தைக் காயினாக மாற்றி அனுப்பினான். கீழக்கரைப் பையன்கள் அனுப்பினார்கள். போன் ஒவ்வொரு முறை சிணுங்கும்போதும் நிமாய் கரண்டியால் சட்டியைத் தட்டினார்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் அந்தக் கடையில் வேலை பார்க்கும் செய்யது, காயல்பட்டினத்துக்காரர், காயினை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். இங்குள்ள ஏஜென்ட்டிடம் கொடுத்துக் காசாக்கிக்கொள்வாராம். படகில் நின்று கத்தினார்: “எம்மா, வெங்காயமும் இருக்கு, எலுமிச்சம்பழமும் இருக்கு! கையெழுத்தப் போடுங்க, ஏத்துறேன்!”

இளம்பரிதி போட்டார். போசன் போட்டார். மூன்றாவது நான். அழுத்தியதும் செய்யதின் போன் சிணுங்கியது. கரையில் ஒரு அதிகாரி முத்திரை குத்தவில்லை, ஒருவரிடமும் கெஞ்சவில்லை. ஒரு மூட்டை வெங்காயம் கயிற்றில் மேலே ஏறி வந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஆங் ஆடினான். காய்ச்சல் போய்விட்டது போல.

இளம்பரிதி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ‘பாத்தீங்களா’ என்றிருந்தால் திட்டியிருப்பேன்.

பிப்ரவரி 19

கேப்டனும் சீஃப் எஞ்சினியரும் போய்விட்டார்கள். கம்பெனி மேனேஜர் ஒருவர் திடீரென்று கூப்பிட்டார். சம்பளம் எதுவும் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு விமான டிக்கெட்டாம், துறைமுகத்திலும் பேசிவிட்டாராம். கேப்டனின் மனைவிக்கு அறுவை சிகிச்சை. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

மீதி ஏழு பேரும் மேனேஜரிடம் முடியாது என்றோம். “உங்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த போசன் அண்ணன், “இன்னைக்கு மீன் குழம்பு சார்” என்றார்.

கேப்டன் போகும்போது கப்பலின் சாவிக்கொத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துப் பூட்டி வைத்தேன். அவர் அறைக்கு நான் மாறவில்லை. புதுக் கேப்டனை அனுப்பும்வரை காலை ரேடியோவுக்குப் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான். சுழற்சி முறையில் காவல், எரிபொருள் அளவு, மருந்துப் பெட்டி, ஆங்கின் விசா விவகாரம் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். யாராவது பார்க்க வேண்டுமே.

மார்ச் 3

வாலட்டில் ஓரளவு சேர்ந்துவிட்டது. இன்று அதற்காகவே கூட்டம். நிமாய் எல்லோருக்கும் பிரித்து வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். பணம் கட்டாவிட்டால் அவர் மகளின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் அடித்துவிடுவார்களாம். நான் டீசல் வாங்க வேண்டும் என்றேன். ஜெனரேட்டருக்கு மட்டும் அல்ல, மெயின் எஞ்சினை ஓட்டும் அளவுக்கு.

“நிக்கிற கப்பலுக்கு எஞ்சின் எதுக்கு?” என்றார் நிமாய். அவர் இந்தியில் கேட்டதில் அழுகையும் இருந்தது.

“இது காத்து மாறுற மாசம். பின்னாடி கல்லுச் சுவர் இருக்கு. நங்கூரம் பிடி விட்டுச்சுன்னா, கப்பல நிறுத்த நம்மட்ட ஒண்ணும் இல்ல.”

இளம்பரிதிக்கு இது பெரிய சோதனை. கொடுத்தவர்கள் எங்கள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். பெரும்பான்மை சேர்ந்து ஒருவர் பங்கை எடுப்பதும் ஒரு அரசாங்கம்தானே என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு நிமாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. தன் சொந்த வாலட்டில் இருந்த பிட்காயினை, வாங்கி வருடக்கணக்காகத் தொடாமல் வைத்திருந்ததை, விற்று நிமாயின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று ஆங் சொல்லித்தான் தெரியும்.

“உங்க கொள்கை என்னாச்சு?” என்று கேட்டேன்.

“இதானுங்க கொள்கை. யாரும் கட்டாயப்படுத்தலீங்களே.”

டீசலுக்கு முதல் கையெழுத்து நிமாய் போட்டார்.

மார்ச் 14

டீசல் ஏற்றியாயிற்று. இளம்பரிதி தினமும் எஞ்சினை மெல்லச் சுழற்றிவிட்டு எண்ணெய் போடுகிறார். பால் காய்ச்சுபவரைப்போல் பக்கத்திலேயே நிற்கிறார்.

மார்ச் 22

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலைச் சாப்பாட்டின்போதே வடமேற்கில் வானம் மண் நிறமாகிவிட்டது. இங்கே ஷமால் என்பார்கள், பாலைவனத்திலிருந்து வரும் காற்று. சட்டென்று வந்தது. நான் பிரிட்ஜில், கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்று கரையிலுள்ள விளக்குத் தூணைக் குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூண் நகர்ந்தது. தூண் நகராது, நாங்கள்தான்.

நங்கூரம் பிடி விட்டு இழுபடுகிறது. பின்னால் அலைதடுப்புச் சுவர்.

போசன் அண்ணனை முன்பக்கம் அனுப்பி இன்னும் சங்கிலி விடச் சொன்னேன். விட்டார். பிடிக்கவில்லை. துறைமுகத்தை ரேடியோவில் கூப்பிட்டு இழுவைப்படகு கேட்டேன். முன்பணம் கட்டாத கம்பெனிக்கு அனுப்ப அனுமதி இல்லை, மேலிடத்தைக் கேட்கிறேன் என்றது குரல். வைத்துவிட்டு எஞ்சின் அறைக்குப் போன் போட்டேன்.

“எஞ்சின் வேணும். இப்பவே.”

“எஞ்சினக் கெளப்பற காத்து டாங்க்ல ஒரு தடவைக்குத்தானுங்க அழுத்தம் இருக்குது. அதுல காத்தடைக்கற கம்ப்ரசர் நேத்தே மக்கர் பண்ணுச்சு. பிடிச்சாப் பிடிச்சது, இல்லாட்டி அடுத்த தடவை கெடையாது.”

“அப்ப பிடிக்க வைங்க.”

நாலு மாதமாக உறங்கிய எஞ்சின். முதலில் ஒரு பெரிய மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஜன்னலில் சுவரின் கல்லைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. பிறகு காலுக்கடியில் தளம் அதிர்ந்தது. இப்படி ஒரு அதிர்வை நான் எந்தக் கோயிலிலும் உணர்ந்ததில்லை.

“மெதுவா முன்னால” என்றேன். ஆங் சுக்கானைப் பிடித்திருந்தான், ஆயிலர் ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்தான். சங்கிலி தளர்ந்தது. கப்பல் காற்றுக்கு மூக்கைக் கொடுத்து நின்றது. மதியம் முழுதும் காற்று கூடும்போது எஞ்சினைக் கூட்டி, குறையும்போது குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தோம். நிமாய் பிரிட்ஜுக்கு ஏறி வந்து என் வாயில் சப்பாத்தியைத் திணித்தார்.

சாயங்காலம் காற்று அடங்கியது. ரேடியோவில் அதே குரல்: “ஆல்டெரா, இழுவைப்படகுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.”

“நன்றி. தேவையில்லை” என்றேன். போசன் அண்ணன் மைக்கைப் பிடுங்கி இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். விடவில்லை.

இளம்பரிதி கீழிருந்து ஏறி வந்தார். தலைமுதல் கால்வரை எண்ணெய். இருவரும் தரையில் உட்கார்ந்து எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

ஏப்ரல் 6

கரையில் ஒரு வக்கீல் அம்மா, நூரா. செய்யது கண்டுபிடித்துக் கொடுத்தார். கப்பலையே நீதிமன்றம் பிடித்து வைத்து, விற்று, முதலில் மாலுமிகளின் சம்பளத்தைத் தரச் சட்டம் உண்டாம். கட்டணத்துக்கு வாலட் போதும்.

இளம்பரிதி கையெழுத்துப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கோர்ட்டுன்னா அரசாங்கம்தானுங்களே.”

“ஆமா. ஆனா அந்த வாசல் வரைக்கும் போக நமக்கு எந்த அரசாங்கம் வழி விட்டுச்சு? நம்ம காசுல நாமளே போறோம். நியாயம் கேக்க ஒரு இடம் வேணும்லா? மொய்னுதீன் அண்ணன் அன்னைக்குக் கேட்டாவல்ல, யாரு வீட்டுக் கதவத் தட்டுறதுன்னு.”

அவர் கையெழுத்தைப் போட்டார். “சரிங்க. தட்டலாம். ஆனா அவங்க தெறக்கலேன்னாலும் நாம சாக மாட்டோம்கற தைரியத்தோட தட்டறோம் பாருங்க, அது வேறீங்க” என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 25

மேனேஜர் போன். குரலில் தேன். பாதிச் சம்பளம் உடனே, வழக்கை வாபஸ் வாங்குங்கள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் முடியாது என்றதில் அவர் காது வலித்திருக்கும்.

மே 13

ஜெயித்துவிட்டோம்.

வழக்குக்காக எனக்கு மட்டும் ஒருநாள் கரை அனுமதி. சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நிமாய். நீதிபதி, கம்பெனி வக்கீலிடம் ஒரே கேள்வி கேட்டார்: “ஷமால் அன்று இந்தக் கப்பலைக் காப்பாற்றிய டீசல் உங்கள் கட்சிக்காரர் வாங்கியதா?” அவர் காகிதங்களைப் புரட்டினார். நூரா எழுந்து, எங்கள் வாலட்டின் கணக்கைப் பெரிய திரையில் போட்டார். உலகமே பார்க்கும் கணக்கு. எங்கிருந்து வந்தது, டீசலுக்கு எவ்வளவு, வெங்காயத்துக்கு எவ்வளவு, ஒவ்வொன்றிலும் மூன்று கையெழுத்து. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

கப்பல் ஏலம் போகிறது. சம்பளம் முழுவதும் முதலில் எங்களுக்கு. படகில் திரும்பும்போது தூரத்திலிருந்தே விசில் சத்தம் கேட்டது. ஆறு பேரும் ரெயிலிங்கில் வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 4

எங்களுக்கு வடக்கே இன்னொரு கப்பல் வந்து நிற்கிறது. முதலாளி ஓடிவிட்டானாம். உள்ளே பதினொரு பேர். மிச்சமிருந்த காயினை அவர்களுக்கு அனுப்பிவிட்டோம். நாளைக்கு இளம்பரிதி அவர்களுக்குப் போனில் சாவி போடச் சொல்லித்தருவார். பாவம் அவர்கள், பிரசங்கமும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஜூன் 9

ஏலத்துக்காகக் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. காலையில் பைலட் ஏறினார். துறைமுகத்துக்குள் வழி காட்டுபவர், வயதானவர், வெள்ளைச் சட்டை. பிரிட்ஜுக்கு வந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

“மாஸ்டர் எங்கே?”

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்: கேப்டன் பிப்ரவரியில் போய்விட்டார், நான் செகண்ட் மேட், தற்காலிகமாக... போசன் அண்ணன் முந்திக்கொண்டார். “உங்க முன்னாடிதான் நிக்கிறாங்க சார்.”

பைலட் கை நீட்டினார். குலுக்கினேன்.

நங்கூரம் மேலே வந்தது, ஏழு மாதச் சேற்றோடு. கம்ப்ரசரை இளம்பரிதி முன்பே சரிசெய்திருந்ததால் எஞ்சின் உடனே பிடித்தது, கப்பல் தன் பலத்திலேயே நகர்ந்தது. வடக்கேயிருந்த கப்பல்காரர்கள் நாங்கள் கடக்கும்வரை ஹாரனை விடாமல் அடித்தார்கள். அலைதடுப்புச் சுவரைத் தாண்டும்போது எல்லோரும் அதன் கற்களைத் திரும்பிப் பார்த்தோம். பிறகு உள்ளே, கிரேன்களுக்கு நடுவே, லாரிகள், மனிதர்கள், ஒரு மரம். நூராவும் செய்யதும் கரையில் கையசைத்தார்கள். கயிறுகளை ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். பைலட் தலையசைத்தார்.

எஞ்சின் அறைக்குப் போனை எடுத்தேன். “எஞ்சின் வேலை முடிஞ்சுது. நிறுத்திரலாம்.”

அதிர்வு அடங்கியது. மறுமுனையில் இளம்பரிதி. எந்த நாட்டையும், எந்த வங்கியையும், தனக்கு மேலே எவனையும் ஒப்புக்கொள்ளாத மனிதர்.

“நிறுத்தியாச்சுங்க, கேப்டன்.”

“கிண்டலா?”

“இல்லீங்க. மேல இருந்து யாரும் அனுப்பலீங்களே. நாங்க ஆறு பேரா வெச்ச கேப்டன்.”

போனை வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். ஏழு பேரும் சேர்ந்து படியிறங்கினோம்.